தண்ணீர் ஏன் குறைகிறது? கார் கூலிங் சிஸ்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்கானவை. வண்டிக்கு வண்டி மாறும் அளவுகளுக்கு உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதே கணக்கு.

மாதம் அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது. ஊற்றினால் ஓடுகிறது. இது சகஜம்தானே?

இல்லை. கூலிங் சிஸ்டம் ஒரு மூடிய சுற்று. பெட்ரோல் தீரும், இன்ஜின் ஆயில்கூடக் கொஞ்சம் எரியும். இன்ஜின் சூட்டை ரேடியேட்டருக்கு ஏந்திச் செல்லும் திரவமான கூலன்ட் செலவாகும் பொருள் அல்ல. ரிசர்வ் டேங்கில் வருடத்துக்கு ஒரு விரற்கடை இறங்கினால் ஆவியானது என்று விட்டுவிடலாம். மாதம் அரை லிட்டர் என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றிக்கொண்டே இருந்தால் ஒழுகல் பெரிதாக நாமே அவகாசம் கொடுக்கிறோம், அவ்வளவுதான். கூடவே, உள்ளே இருக்கும் கூலன்ட்டும் மாதாமாதம் நீர்த்துப்போகிறது.

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டார்ச் அடித்துத் தேடுங்கள். சூட்டில் சொட்டும் துளி உடனே உலர்ந்துவிடும். ஆனால் காய்ந்த இடத்தில் பச்சையாகவோ நீலமாகவோ உப்புப் படிந்தாற்போல் ஒரு தடம் விட்டுப் போகும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியப் பகுதியும் சேரும் மடிப்பு, மேல் கீழ் ஹோஸ்களின் கிளிப், வாட்டர் பம்ப்பின் அடிப்பக்கம், தெர்மோஸ்டாட் வால்வு (சூடேறியதும் ரேடியேட்டர் பக்கம் திறக்கும் கதவு) உட்கார்ந்திருக்கும் கூடு, இன்ஜினுக்குப் பின்னால் போகும் இரும்புக் குழாய் என்று வரிசையாகப் பாருங்கள். முன் சீட்டுக்குக் கீழே தரைவிரிப்பு ஈரமாக இருந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான பனியும் ஒருவித இனிப்பு வாடையும் வந்தால், ஒழுகுவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டரின் குட்டி ரேடியேட்டர்.

ஏசி போட்ட வண்டிக்கு அடியில் சொட்டும் தெளிந்த தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விரலால் தொட்டுப் பாருங்கள். கூலன்ட் என்றால் வழவழக்கும், ஏசி தண்ணீர் வழவழக்காது.

கண்ணால் பிடிபடாவிட்டால் பட்டறையில் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். ரேடியேட்டர் வாயில் கைப்பம்ப்பைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம்வரை ஏற்றிப் பத்து நிமிடம் விடுவார்கள். பம்ப்பில் அழுத்தம் காட்டும் முள் இறங்கினால் ஒழுகல் உறுதி. வெளியே ஒரு சொட்டுகூட இல்லாமல் முள் இறங்கினால் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் சிலிண்டர் பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

நம்ம ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை. பிறகு எதற்குக் கூலன்ட்?

உறைவதைத் தடுப்பது கூலன்ட்டின் வேலைகளில் ஒன்று மட்டுமே. வெப்பத்தை ஏந்திச் செல்வதில் வெறும் தண்ணீர்தான் கெட்டி, கூலன்ட் கலவை அதைவிடக் கொஞ்சம் குறைவு. தண்ணீரின் சிக்கல் துரு. இன்ஜினில் வார்ப்பிரும்பு, அலுமினியம், எஃகுக் குழாய், ஈயப் பற்று எல்லாம் ஒரே நீரில் நனைகின்றன. தடுப்பு ரசாயனம் இல்லாத தண்ணீரில் இவை ஒன்றையொன்று அரிக்கும். வெளுத்த பொடியாக அலுமினியமும் செங்காவி நிறத்தில் இரும்பும் கரைந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் அடைக்கும்.

கொதிநிலை இன்னொரு காரணம். கூலன்ட்டின் முக்கிய ரசாயனமான எத்திலீன் கிளைக்காலைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால், மூடியின் அழுத்தம் இல்லாமலே 107 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது.

எந்தத் தண்ணீரைக் கலக்க வேண்டும்?

பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் அல்லது டிஎம் வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்). ‘பேட்டரி தண்ணீர்’ என்று கேட்டு வாங்கும்போது கேனைப் பார்த்து வாங்குங்கள். அதே கடையில் ஆசிட்டும் கேனில்தான் இருக்கும்.

போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது. குளியலறைக் குழாயில் படியும் அதே வெள்ளை உப்பு, சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்ப்பாதையில் ஓடு கட்டும். உலோகத்தின் சூடு தண்ணீருக்கு வராமல் அந்த ஓடு மறைத்துக்கொள்ளும். நடுவழியில் வேறு கதியில்லை என்றால் ஆர்ஓ கேன் தண்ணீரை ஊற்றலாம். அதுவும் இல்லையென்றால் எந்தத் தண்ணீராவது ஊற்றி வீடு வந்து சேருங்கள், ஆனால் அந்த வாரத்திலேயே முழுவதையும் வடித்து மாற்றிவிடுங்கள்.

பச்சை, நீலம், சிவப்பு: எதை வாங்குவது?

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் வெறும் சாயம், எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான விதி கிடையாது. சுசூகியும் ஹோண்டாவும் நீலம் தருகின்றன, டொயோட்டா இளஞ்சிவப்பு. கடையில் தொங்கும் வேறொரு நிறுவனத்தின் நீலம் உள்ளே வேறு சரக்காக இருக்கலாம்.

உள்ளிருக்கும் துருத்தடுப்புதான் முக்கியம். பழைய முறைக் கூலன்ட்டில் சிலிக்கேட் போன்ற உப்புகள் இருக்கும், அவை இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். கரிம அமிலம் சேர்த்த புதுவகை சுமார் ஐந்து ஆண்டு தாங்கும். இரண்டையும் கலந்தால் அந்த நிமிடமே இன்ஜின் கெட்டுவிடாது. தடுப்பின் ஆயுள் குறையும், சில ஜோடிகளில் சேறுபோல் திரளும். கையேட்டில் எந்தத் தரம் சொல்லியிருக்கிறதோ அந்தத் தரத்தின் பெயர் கேனின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கலவை விகிதம்?

பாதிக்குப் பாதி. சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கு 40 சதவீதம் கூலன்ட்டும் போதும். 30க்குக் கீழே போனால் துருத்தடுப்பு போதாது. 60க்கு மேல் போனால் வெப்பத்தை ஏந்தும் திறன் குறையும். ‘சுத்தக் கூலன்ட் ஊற்றினால் இன்னும் குளிர்ச்சி’ என்பது தவறு.

வீட்டிலேயே கூலன்ட் மாற்றலாமா?

மாற்றலாம். அரைநாள் வேலை. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், குறைந்தது மூன்று மணி நேரம்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கையால் தளர்த்துங்கள். அது பிளாஸ்டிக். ஸ்பானர் போட்டு முறுக்கினால் கழுத்து உடையும், பிறகு ரேடியேட்டரே மாற்ற வேண்டிவரும். வடிவதை அளவு குறித்த வாளியில் பிடியுங்கள், இந்த அளவு பின்னால் தேவைப்படும். ரிசர்வ் டேங்கைக் கழற்றி, அடியில் தங்கிய சேற்றைக் கழுவுங்கள். திருகை மூடி, டிஎம் வாட்டரை நிரப்பி, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சுடும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். அணைத்து, ஆறவிட்டு, மீண்டும் வடியுங்கள். வரும் நீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு மூன்று முறை ஆகும். செங்காவி நிறம் போகவில்லை என்று காஸ்டிக் சோடா போட்டுவிடாதீர்கள். அது அலுமினியத்தைத் தின்றுவிடும்.

இனிப் பலரும் தவறும் இடம். சிஸ்டத்தின் மொத்தக் கொள்ளளவு 4.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டர் திருகு வழியாக வடிந்தது 2.5 லிட்டர். மிச்சம் 2 லிட்டர் இன்ஜினுக்குள்ளேயே நிற்கிறது, கழுவி முடித்த நிலையில் அது வெறும் தண்ணீர். இதன்மேல் ‘ரெடி மிக்ஸ்’ (பாதித் தண்ணீர் ஏற்கெனவே கலந்த) கூலன்ட் 2.5 லிட்டர் ஊற்றினால் உள்ளே போன கிளைக்கால் 1.25 லிட்டர், அதாவது 28 சதவீதம். கேனில் 50 என்று எழுதியிருந்தாலும் வண்டியில் இருப்பது 28. ஆகவே கழுவிய பிறகு தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் வகையை வாங்குங்கள். இந்தக் கணக்கில் 2.25 லிட்டர் கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றி, மீதி கால் லிட்டருக்கு டிஎம் வாட்டர். ரெடி மிக்ஸ் இருந்ததோடு சேர்த்து நிரப்ப மட்டுமே பொருத்தம்.

நிரப்பும்போது மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் பிசைந்துகொண்டே இருங்கள், காற்றுக் குமிழ் மேலே வரும். காற்று வெளியேற்றும் திருகு உள்ள வண்டியில் அதைத் திறந்துவைத்து, குமிழ் இல்லாமல் திரவம் மட்டும் வரும்போது மூடுங்கள். திருகு இல்லாவிட்டால் வண்டியின் மூக்கை ஏற்றமான இடத்தில் நிறுத்தி, மூடி திறந்தபடியே இன்ஜினை ஓடவிட்டு, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை பாருங்கள். மட்டம் திடீரென்று இறங்கும். அது தெர்மோஸ்டாட் திறந்ததன் அடையாளம். இறங்கிய அளவை நிரப்பி மூடுங்கள். வாய்க்கு நேராகக் குனிய வேண்டாம். மறுநாள் காலை ரிசர்வ் டேங்க் மட்டத்தை மீண்டும் பாருங்கள், பெரும்பாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ரேடியேட்டர் மூடி சும்மா ஒரு மூடிதானே, அதை எதற்கு மாற்றச் சொல்கிறார்கள்?

அது மூடி மட்டுமல்ல, இரண்டு வால்வு கொண்ட கருவி. தலையில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். எத்தனை பார் அழுத்தம்வரை அது பிடித்துவைக்கும் என்பது அந்த எண். 0.9 மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வளையம் இறுகிவிட்டாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும்.

கோயம்புத்தூரில் ஒழுங்காக ஓடும் வண்டி ஊட்டி ஏறியதும் பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியைத் தொடும் முன்பே கொதித்துவிடும். பல கார்களில் ஃபேன் சுற்ற ஆரம்பிப்பதே 95 டிகிரி வாக்கில். மூடி அழுத்தம் பிடிக்காத வண்டியில் ஃபேன் விழித்துக்கொள்வதற்குள் தண்ணீர் கொதித்திருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறிய இன்ஜினின் சூடும் கூடச் சேரும். பட்டறைக்காரர் ஃபேன், வால்வு, பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் கடைசியில்தான் மூடிக்கு வருவார். முதலில் மூடியை மாற்றுங்கள், சில நூறு ரூபாய்தான்.

இரண்டாவது வால்வு, குளிரும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உறிஞ்ச விடுவது. அது அடைத்துக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். டேங்க் நிரம்பி வழிகிறது, ரேடியேட்டரோ காலி என்றாலும் குற்றவாளி மூடிதான், அல்லது டேங்குக்குப் போகும் சின்னக் குழாயில் விரிசல்.

மாற்றும்போது அதே எண் உள்ளதை வாங்குங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் நல்லது என்று நினைத்து வயதான ரேடியேட்டரின் மடிப்பைப் பிளக்க வேண்டாம்.

‘நம்ம வெயிலுக்கு வால்வு வேண்டாம்’ என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். சரியா?

தவறு. தமிழ்நாட்டில் பரவலாக நடக்கும் தவறும்கூட. தெர்மோஸ்டாட் இன்ஜினைச் சூடேற்றும் பொருள் அல்ல. 82 அல்லது 88 டிகிரி வரை கூலன்ட்டை ரேடியேட்டர் பக்கம் விடாமல் நிறுத்தி, பிறகு திறக்கும் கதவு அது. அது இல்லாவிட்டால் இன்ஜின் வேலைச் சூட்டுக்கு வரவே நேரமாகும். இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக விடும். மைலேஜ் போகும், ஆயிலில் ஈரம் தங்கிச் சேறாகும்.

சூடு ஏறும் பிரச்சினையே கூடலாம் என்பது இன்னும் மோசம். பல தெர்மோஸ்டாட்டுகளில் அடிப்பக்கம் ஒரு தட்டு உண்டு. வால்வு திறக்கும்போது அது பைபாஸ் வழியை அடைக்கும். வால்வையே எடுத்துவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும்.

வால்வு நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. பழைய சட்டி ஒன்றில் தண்ணீர் வைத்து (சமையல் பாத்திரம் வேண்டாம், வால்வில் ஒட்டியிருக்கும் கூலன்ட் விஷம்), வால்வை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். கூடவே ஒரு தெர்மாமீட்டர். 82 என்று பொறித்த வால்வு அதை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, பத்துப் பதின்மூன்று டிகிரி ஏறுவதற்குள் முழுதாகத் திறக்க வேண்டும். அடுப்பை அணைத்ததும் மெல்ல மூட வேண்டும். திரும்பப் பொருத்தும்போது அதிலுள்ள சின்ன ஆடும் முள் மேல்பக்கம் வரட்டும். காற்று வெளியேறும் வழி அது.

நெடுஞ்சாலையில் பிரச்சினை இல்லை, சிக்னலில் நின்றால் சூடு ஏறுகிறது.

ஃபேன். ஓடும்போது காற்று தானாக வருகிறது, நின்றால் ஃபேன்தான் கதி. ஏசியைப் போட்டதும் பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டாருக்கு நேரடியாகப் பேட்டரி மின்சாரம் என்ற வரிசையில் சோதியுங்கள். நேரடியாகக் கொடுத்தும் சுற்றவில்லை, தட்டினால் சுற்றுகிறது என்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

சுற்றியும் சூடு ஏறினால், கிரில்லுக்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் மோட்டார் மாற்றியபோது ஒயரைத் தலைகீழாக இணைத்துவிட்டார்கள்.

சிக்னலில் சரி, நெடுஞ்சாலையில் 100ல் போனால்தான் சூடு ஏறுகிறது என்றால்?

அப்போது ஃபேனை விடுங்கள். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும், அல்லது பம்ப்பின் இலைகள் அரித்திருக்கும், அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிப்போகிறது.

போகும் வழியில் டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும்?

பல சிறிய கார்களில் இப்போது சூடு காட்டும் முள்ளே கிடையாது. குளிரில் நீல விளக்கு, சூட்டில் சிவப்பு விளக்கு, நடுவில் எதுவுமில்லை. ஆகவே சிவப்பு எரியும்போது ஏற்கெனவே நேரம் கடந்திருக்கும்.

முள் உள்ள வண்டியில் அது வழக்கத்தைவிட ஏறுகிறது, ஆனால் சிவப்பைத் தொடவில்லை என்றால்: ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் முழு வேகத்தில் போடுங்கள், கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் அந்தக் குட்டி ரேடியேட்டர் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை இழுத்து உங்கள்மேல் கொட்டுவதால்தான் அது.

சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஆவி வந்தாலோ ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். ‘அடுத்த பெட்ரோல் பங்க் வரை’ என்று ஓட்டிய இரண்டு கிலோமீட்டர்தான் அலுமினிய ஹெட்டை வளைக்கும். பானெட்டைத் திறந்துவிட்டு 45 நிமிடம் காத்திருங்கள். மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே, மடித்த துணியால் பிடித்து மூடியைக் கால் திருப்பு திருப்பி அழுத்தத்தை விடுங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், வெளியேயும் அடிக்காதீர்கள், ஹெட்டில் விரிசல் விழும்.

முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையவும் வேண்டாம். கூலன்ட் முழுக்க வெளியேறிவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் ‘குளிர்’ என்று காட்டும்.

ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று எப்படி உறுதி செய்வது?

காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடியுங்கள். தண்ணீர் சூடாகும் முன், ஒரு நிமிடத்துக்குள் ஹோஸ் கல்போல் இறுகினால், சிலிண்டர் அழுத்தம் தண்ணீருக்குள் வருகிறது. ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழ் வரும். சைலன்சரில் வெள்ளைப் புகை வந்து, வண்டி சூடான பிறகும் நிற்காது.

ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ஆனால் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசான வெண்ணெய்ப் படலம் இருந்து, டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால் அது குறுகிய தூரமே ஓடும் வண்டியில் தங்கும் ஈரம். இதைக் காட்டி ஹெட்டை இறக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரேடியேட்டர் வாயில் நீல நிறத் திரவம் வைத்துச் செய்யும் சோதனையைக் கேளுங்கள். சிலிண்டரில் எரிந்த புகை கலந்திருந்தால் அதன் நிறம் மாறும் (பெட்ரோல் வண்டியில் மஞ்சளாக).

ஹெட்டை இறக்கியாகிவிட்டதென்றால் கேஸ்கட் மட்டும் மாற்றி மூட விடாதீர்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்புச் சட்டம் வைத்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்க்க வேண்டும். பல சிறிய இன்ஜின்களில் வளைவுக்கு அனுமதி 0.05 மி.மீ. தான். போல்ட் முறுக்குவது கையேட்டு வரிசையில், டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்).

ஓட்டைக்கு மஞ்சள்தூள் போடலாமா?

ஊசிமுனை ஒழுகல் என்றால் மஞ்சள்தூள் ஊறி அடைக்கும், லாரிக்காரர்களின் பழைய கைவைத்தியம். கடையில் விற்கும் ஸ்டாப் லீக்கும் ஏறக்குறைய அதே வேலைதான். ஆனால் ஓட்டை எது, நல்ல குழாய் எது என்று அதற்குத் தெரியாது. ஹீட்டரின் குட்டி ரேடியேட்டர்தான் முதலில் அடைக்கும். வீடு வந்து சேர மட்டும், அதன்பின் முழுக் கழுவல்.

ஹோஸ்களை எப்போது மாற்றுவது?

கிளிப்புக்குப் பக்கத்தில் அழுத்திப் பாருங்கள். களிபோல் குழைந்தாலும், நொறுநொறுவென்று சத்தம் வந்தாலும், முனை உப்பியிருந்தாலும் மாற்றுங்கள். கம்பெனி போட்ட ஸ்பிரிங் கிளிப்பைத் தூக்கி எறிந்துவிட்டுத் திருகுக் கிளிப் போடுவது இங்கே வழக்கம். அளவுக்கு மீறி முறுக்கினால் பிளாஸ்டிக் கழுத்து உடையும். தெருவில் நிறுத்தும் வண்டியில் எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒயரைப் போலவே ஹோஸையும் எலி விடுவதில்லை.

வாட்டர் பம்ப்?

பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அதில் கூலன்ட் தடம் தெரிந்தால் உள்ளே சீல் போய்விட்டது. துளையை அடைக்காதீர்கள். அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும். பம்ப்பை டைமிங் பெல்ட் சுற்றும் இன்ஜின்களில் (ரெனோ டஸ்டரின் 1.5 டீசல் ஓர் உதாரணம்) பெல்ட் மாற்றும்போதே பம்ப்பையும் மாற்றிவிடுங்கள். பிரித்து மாட்டும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

ரேடியேட்டரை வெளியே கழுவுவது எப்படி?

இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி, தோட்டத்துக் குழாயின் சாதாரண வேகத்தில். ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில்தான் பூச்சியும் பஞ்சும் அடைந்திருக்கும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் தகடுகள் மடிந்து காற்றே போகாது.

சிஎன்ஜி, எல்பிஜி வண்டிக்குத் தனியாக ஏதாவது உண்டா?

உண்டு. கேஸ் விரியும்போது கடுமையாகக் குளிரும் என்பதால், அழுத்தம் குறைக்கும் ரெடியூசர் வழியாக இன்ஜின் கூலன்ட்டைச் சுற்றவிட்டிருப்பார்கள். கிட் பொருத்தியபோது ஹீட்டர் ஹோஸை வெட்டிப் போட்ட டி-ஜாயின்ட்டுகள்தான் வழக்கமாக ஒழுகும் இடம். கேஸில் ஓடும்போது ரெடியூசர்மேல் பனி படிந்தால் அங்கே கூலன்ட் போகவில்லை. முதலில் மட்டத்தைப் பாருங்கள்.

வடித்த பழைய கூலன்ட்டை என்ன செய்வது?

சாக்கடையிலோ செடிக்கடியிலோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தெருநாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் செத்துவிடும், பெரியவர்களுக்கே 100 மில்லி அளவு உயிரைப் பறிக்கலாம். பழைய ஆயில் வாங்கும் பட்டறையில் கேட்டு, எடுத்துக்கொள்வார்கள் என்றால் தனிக் கேனில் கொடுங்கள், ஆயிலோடு கலக்காமல். அதுவரை கேனின்மேல் பெரிதாக எழுதிவைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.